குறட்டை என்றுதான் நினைத்தோம்

அன்றிரவு அக்கா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி ஒரு மாதிரிக் குறட்டை விடுறான், தட்டினாலும் எழும்புறான் இல்லை." தம்பி என்றது தன் மகனை. 2019 மார்ச் மாதம், நேரம் பன்னிரண்டே கால். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு மருந்துக்கடையில் நான் பார்மசிஸ்டாக வேலைக்குச் சேர்ந்து அப்போது எட்டு வருடம் முடிந்திருந்தது. அதில் கடைசி மூன்று வருடம், முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு நலொக்சோன் பெட்டியை, அதாவது ஓபியோயிட் (மோர்பின், பென்ரனில் மாதிரியான வலுவான நோவு மருந்துகள்) அளவு மீறியவரின் மூச்சைத் திருப்பிக் கொண்டுவருகிற மருந்தை, கையில் கொடுத்து, எப்படிப் பாவிப்பது என்று பக்கத்தில் நின்று காட்டியிருக்கிறேன். என் வீட்டில் ஒன்று இல்லை. அக்கா வீட்டிலும் இல்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் விட்ட பிழைகள்தான் இன்னொரு வீட்டுக்குப் பயன்படும். பதினொன்றரை அளவில் அக்கா துவைத்த உடுப்புகளை எடுக்க பேஸ்மென்டுக்கு இறங்கினார். மகனுடைய அறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது, உள்ளேயிருந்து பெரிய குறட்டைச் சத்தம் வந்தது. ஊரிலிருந்து வந்து ஐந்து நாள்தான், நேர வித்தியாசத்தில் பிள்ளை சரியான தூக்கமில்லாமல் இருந்தவன், இன்றைக்காவது நல்லாய்த் தூங்கட்டும் என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார். அரை மணி நேரம் கழித்து ஏதோ மனம் கேட்காமல் திரும்பவும் இறங்கியபோது சத்தம் மாறியிருந்தது. தொண்டையில் தண்ணீர் நின்று கொப்பளிப்பது மாதிரி ஒரு சத்தம், பிறகு நீளமாக ஒன்றுமே இல்லை, பிறகு திரும்ப ஒன்று. அத்தான் திருப்புளி எடுத்துவந்து பூட்டைக் கழற்றினார். அதற்குப் பிறகும் அவர்கள் அவசர உதவி இலக்கமான 911-க்கு எடுக்கவில்லை, எனக்குத்தான் எடுத்தார்கள்.

"உதடு என்ன நிறம் அக்கா?" என்று கேட்டேன். "நீலம் பாரிச்சுப்போய்க் கிடக்கு" என்றார். அத்தானுடைய போனில் 911-க்கு எடுக்கச் சொன்னேன், அக்காவின் போனை ஸ்பீக்கரில் போட்டு நிலத்தில் வைக்கச் சொன்னேன். தலையைப் பின்னுக்குச் சாய்க்க, மூக்கைப் பொத்த, வாயோடு வாய் வைத்து ஊத, நெஞ்சு எழும்புகிறதா என்று பார்க்க, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, திரும்பவும் ஊத. நான் இங்கே எண்ண அக்கா அங்கே ஊதினார். இருபது நிமிடத் தூரத்தில், கொட்டுகிற பனிக்குள் காரை எடுத்தால் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்ததால் நான் கட்டிலின் விளிம்பிலேயே இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எத்தனை தரம் ஐந்து வரை எண்ணினேன் என்று இப்போதும் தெரியாது. அவர்கள் நலொக்சோன் கொடுத்தார்கள், சில நிமிடம் பார்த்துவிட்டு இரண்டாவது தரமும் கொடுத்தார்கள். பிறகு அவன் இழுத்த மூச்சு எனக்குத் தொலைபேசியிலேயே கேட்டது.

எழுந்தவன் நன்றி சொல்லவில்லை. கெட்ட வார்த்தையால் ஏசினான், தன்னை விடச் சொன்னான், தான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றான். இது எல்லோருக்கும் தெரியவேண்டிய விஷயம். நலொக்சோன் மூளையில் ஓபியோயிட் போய் ஒட்டியிருக்கிற இடங்களிலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் போய் இருந்துகொள்ளும், அதனால் மூச்சு திரும்பும், ஆனால் அதே நொடியில் உடம்பு முழுவதும் போதை இல்லாத வேதனையும் வந்து விழும். வாந்தி, நடுக்கம், கோபம். அந்தக் கோபத்தைப் பார்த்துவிட்டு "சரி, எழும்பிவிட்டான்தானே, படுக்கட்டும்" என்று விடக்கூடாது. நலொக்சோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான் வேலை செய்யும். உள்ளே போன மருந்து அதைவிட நீண்ட நேரம் நிற்கக்கூடும், அப்போது மூச்சு திரும்பவும் நின்றுபோகும். என் பெறாமகனுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அப்படித்தான் தலை தொங்கத் தொடங்கியது. அங்கே இருந்தபடியால் உடனே பார்த்தார்கள்.

அந்தக் குறட்டைக்குத் திரும்பி வருகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஓபியோயிட் அளவு மீறும்போது ஆள் துடிப்பதில்லை, கத்துவதில்லை. மூச்சை இயக்குகிற மூளைப் பகுதி மெல்ல மெல்ல அசந்துபோகும், தொண்டைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னுக்கு விழும், அந்த இடுக்கால் காற்று போக முயல்கிற சத்தம்தான் குறட்டை மாதிரிக் கேட்கிறது. வழக்கமாகக் குறட்டை விடாத பிள்ளை திடீரென்று பெரிய சத்தமாய்க் குறட்டை விட்டால் போய்த் தட்டுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைப் பிடித்து உலுக்குங்கள், நெஞ்செலும்பில் விரல் மொளியால் அழுத்தித் தேயுங்கள். எழும்பினால் ஏச்சு வாங்கிக்கொண்டு வாருங்கள், நட்டமில்லை. எழும்பாவிட்டால், உதடும் நகமும் நீலமோ சாம்பலோ ஆகியிருந்தால் (எங்கள் நிறத்தில் சில வேளை உதட்டில் தெரியாது, உள்ளுதட்டையும் நகத்தடியையும் பாருங்கள்), கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தால், அது தூக்கம் இல்லை. மூளைக்கு ஒட்சிசன் போகாவிட்டால் நாலைந்து நிமிடத்திலேயே சேதம் தொடங்கிவிடும்.

911-க்கு எடுக்க ஆங்கிலம் வராதே என்று தயங்குகிற அம்மாமார் நிறையப் பேர் இருக்கிறார்கள். "தமிழ்" என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை அழைப்பில் இணைப்பார்கள். விலாசத்தை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லப் பழகி வையுங்கள், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் எழுதியும் ஒட்டுங்கள். பதற்றத்தில் அத்தானுக்கு இருபது வருடம் இருந்த வீட்டின் இலக்கமே வரவில்லை.

மூக்கில் அடிக்கிற மருந்து கையில் இருந்தால்: ஆளை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சாய்த்து, குழாயை ஒரு மூக்குத் துவாரத்துக்குள் உங்கள் விரல் மூக்கில் முட்டும்வரை விட்டு, அடியில் இருக்கிற விசையை ஒரே அழுத்தாக அழுத்தவேண்டும். முன்கூட்டியே காற்றில் அடித்துச் சோதித்துப் பார்க்கக் கூடாது, ஒன்றில் ஒரு தரத்துக்கான மருந்துதான் இருக்கிறது, சோதித்தால் அது போய்விடும். பெட்டிக்குள் 4 மில்லிகிராமில் இரண்டு இருக்கும். முதல் மருந்தைக் கொடுத்துவிட்டு மூச்சு ஊதிக்கொண்டே இருக்கவேண்டும், 911-இல் இருப்பவர் நெஞ்சை அழுத்தச் சொன்னால் அழுத்தவேண்டும், இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றமில்லையென்றால் மற்ற மூக்கில் இரண்டாவது. தானாக மூச்சு விடத் தொடங்கினால் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவையுங்கள், வாந்தி தொண்டைக்குள் போகாது. ஓபியோயிட்தானா என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் கொடுக்கலாம். வேறு காரணத்தால் மயங்கியிருந்தால் அது ஒன்றும் செய்யாது, கெடுதலும் இல்லை.

சரி, இது எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லவேண்டும். எனக்கு அதிகம் நோகிற பகுதி இது.

அத்தான் ஒரு தொழிற்சாலையில் பாரம் தூக்குகிற வேலை செய்தவர். 2014-இல் இடுப்பு விலகிப்போய் மாதக்கணக்கில் படுத்திருந்தார். மருத்துவர் பேர்க்கோசெற் எழுதிக் கொடுத்தார், ஒக்ஸிகோடோனும் அசெற்றமினோபெனும் சேர்ந்த குளிசை. அதை எடுத்தது எங்கள் கடையில்தான். ஒவ்வொரு முறையும் எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். ஒன்ராறியோவில் 2012 முதல் இந்த வகை மருந்துகளை எந்தக் கடையில் கொடுத்தாலும் அந்த விவரம் மாகாண அரசின் கண்காணிப்புக் கணினிக்குப் போகும். எழுதியவரின் பதிவு எண், வாங்குபவரின் அடையாள அட்டை, என்ன மருந்து, எத்தனை, எத்தனை நாளுக்கு, எல்லாம். ஒருவர் இரண்டு மூன்று மருத்துவரிடம் எழுதி வாங்கினால், பல கடை ஏறி இறங்கினால், நாள் முடியும் முன்பே அடுத்ததைக் கேட்டால் எங்கள் திரையில் எச்சரிக்கை வந்து விழும். நல்ல ஏற்பாடு அது, எத்தனையோ பேரை ஆரம்பத்திலேயே கவனித்துக் கதைக்க எனக்கு உதவியிருக்கிறது. அத்தான் விஷயத்தில் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. ஒரே மருத்துவர், ஒரே கடை, சரியான திகதி. இடுப்பு கொஞ்சம் தேறியதும் அவர் குளிசையை விட்டுவிட்டார், மிச்சத்தை உள்ளாடை வைக்கிற லாச்சிக்குள் போட்டார், "திரும்ப நோவு வந்தால் பாவிக்கலாம்" என்று.

அந்த லாச்சிக்குள் என்ன நடக்கிறது என்று எந்தக் கணினிக்கும் தெரியாது. கணக்கு எங்கள் கடை மேசையோடு முடிந்துவிடுகிறது. பெடியனுக்கு அப்போது பதினாறு வயது. கூடைப்பந்து விளையாடும்போது கணுக்கால் சுளுக்கியதற்கு, "அப்பாவின் நோக் குளிசை" என்று ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறான். நோவு போனதோடு பரீட்சைப் பயமும் வீட்டுச் சண்டைச் சத்தமும்கூடத் தூரத்துக்குப் போய்விட்டன என்று பின்னாளில் எனக்குச் சொன்னான். ஒன்று இரண்டாகி, லாச்சி காலியானது. யாரும் எண்ணவில்லை.

லாச்சி முடிந்ததும் வெளியே வாங்கத் தொடங்கினான். பெடியள் "பேர்க்" என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள், ஆனால் தெருவில் அந்தப் பெயரில் விற்கிற குளிசை மருந்துத் தொழிற்சாலையில் செய்தது இல்லை. எங்கேயோ ஒரு அச்சில் மாவையும் பென்ரனிலையும் கலந்து அழுத்தியது. பார்வைக்கு நிறம், எழுத்து, எல்லாம் அச்சொட்டாக இருக்கும், நான் கையில் வாங்கிப் பார்த்தாலும் சில வேளை பிடிபடாது. பென்ரனில் மோர்பினைவிட நூறு மடங்கு வரை வலுவானது, உப்புக்கல் அளவில் கூடிக் குறைந்தாலே கதை முடிந்துவிடும். ரவை லட்டுப் பிடிக்கும்போது ஒரு லட்டில் நாலு முந்திரிகைவத்தல் வந்துவிடும், இன்னொன்றில் ஒன்றும் இராது, அப்படித்தான் இதுவும். ஒரே பையில் வாங்கிய இரண்டு குளிசையில் ஒன்று ஒன்றும் செய்யாது, மற்றது ஆளை முடித்துவிடும். "நேற்று இதைத்தானே போட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பதில் ஒரு பாதுகாப்பும் இல்லை.

அக்காவுக்கு விஷயம் தெரியவந்தது 2018-இல். என்னிடம் சொல்லவில்லை. தங்கச்சி பார்மசிஸ்ட், தங்கச்சிக்குத் தெரிந்தால் வெட்கம். எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்: ஊருக்கு அனுப்பினார்கள். "யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவோடு மூன்று மாதம் இருந்தால் கூட்டாளிகள் இல்லை, காசு இல்லை, கோயில் குளம் என்று திருந்திவிடுவான்." உண்மையிலேயே அங்கே அவன் ஒன்றும் தொடவில்லை. முதல் கிழமை காய்ச்சல் என்று சொல்லிக் கிடந்திருக்கிறான், அம்மம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்திருக்கிறா. பிறகு சாப்பிட்டான், உடம்பு வைத்தான், படங்கள் அனுப்பினான், எல்லோரும் சந்தோசப்பட்டோம். நான் அவனுக்குச் சரியான குளிர்காலச் சோர்வு, அதுதான் போயிருக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போதைப்பொருளுக்குப் பழகிய உடம்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாய் அதைத் தாங்கக் கற்றுக்கொள்ளும். நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி சில நாட்களிலேயே குறையத் தொடங்கும், சில கிழமைகளில் அநேகமாய்ப் போய்விடும். ஆனால் முன்பு எவ்வளவு எடுத்தோம் என்ற நினைவு மட்டும் மூளையில் அப்படியே இருக்கும். சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களும், மருந்து ஆதரவு இல்லாமல் மறுவாழ்வு நிலையத்திலிருந்து திரும்புகிறவர்களும் முதல் சில கிழமைகளில்தான் அதிகம் இறக்கிறார்கள் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு அனுப்பித் திருப்பிக் கூப்பிடுவதும் அதே கதைதான். அவன் வந்து ஐந்தாம் நாள், பழைய கூட்டாளி ஒருவனிடம் வாங்கி, பழைய அளவையே எடுத்தான். கதவைப் பூட்டிவிட்டு, தனியாக.

அதனால் உங்கள் பிள்ளையை ஊருக்கு அனுப்ப யோசிக்கிறீர்கள் என்றால், அனுப்புவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி வருகிற முதல் மாதத்தைப் பற்றி யோசியுங்கள். விமானம் இறங்கும் முன்பே வீட்டில் நலொக்சோன் இருக்கவேண்டும், மருத்துவரோடு கதைத்திருக்கவேண்டும். பிள்ளையிடமும் நேராகச் சொல்லுங்கள்: "உன் உடம்பு இப்போது பழைய உடம்பு இல்லை, பழைய அளவு உன்னைக் கொன்றுவிடும், எடுத்தாலும் தனியாக எடுக்காதே, கதவைப் பூட்டாதே." இப்படிச் சொல்வது எடுக்க அனுமதி கொடுப்பது மாதிரி ஆகிவிடாதா என்று அக்கா என்னிடம் அழுதுகொண்டு கேட்டார். அன்றிரவு அவன் எங்கள் யாரிடமும் அனுமதி கேட்டு எடுக்கவில்லையே அக்கா என்றேன்.

பொலிஸ் பயமும் ஒரு காரணம், அவர்கள் முதலில் 911-க்கு எடுக்காததற்கு. அத்தானுக்கு, அறையில் கிடக்கிற பொருளைப் பார்த்துப் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்று. கனடாவில் 2017 மே மாதம் முதல் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. அளவு மீறியவருக்கு உதவி கேட்டு அழைப்பவரையும், பாதிக்கப்பட்டவரையும், அந்த இடத்தில் இருப்பவர்களையும் சொந்தப் பாவனைக்காகப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்காக வழக்குப் போட முடியாது. விற்பனை மாதிரியான பெரிய குற்றங்களுக்கும் ஏற்கெனவே உள்ள பிடியாணைக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. கூட இருக்கிற நண்பர்கள் பயந்து ஓடிவிடுவதால் போன உயிர்கள் ஏராளம், ஆகவே இதைப் பெற்றோரைவிடப் பெடியளிடம்தான் முதலில் சொல்லவேண்டும்.

பிறகு 2020 வந்தது. கொரோனா, எல்லோரும் தனித்தனி அறைக்குள், எல்லைகள் மூடியதால் தெருவில் வருகிற பொருளும் முன்னையதைவிட மோசம். ஒன்ராறியோவில் 2019-இல் ஓபியோயிட்டால் இறந்தவர்கள் 1,500-க்குச் சற்று மேல், 2020-இல் அது 2,400-ஐத் தாண்டியது, 2021-இல் 2,800-ஐயும் தாண்டியது. நாடு முழுவதும் 2016 ஜனவரி முதல் எண்ணிக்கொண்டு வருகிறார்கள், 50,000-க்கு மேல் போய்விட்டது. 2016 ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா இதைப் பொதுச் சுகாதார அவசரநிலை என்று அறிவித்தபோது, அது வன்கூவரில் தெருவோரம் கிடக்கிற ஆட்களின் பிரச்சினை என்றுதான் எங்கள் கடைக்கு வருகிற தமிழ் ஆட்கள் கதைத்தார்கள். தம்பியின் வயதுப் பெடியன் பேஸ்மென்டில் இருக்கிற வீடுகளில் இருந்துதான் அவர்கள் வந்துபோனார்கள்.

இந்த எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. வீட்டில் திடீரென்று ஒரு இளைஞர் இறந்தால் கொரனர், அதாவது மரண விசாரணை அதிகாரி, விசாரிப்பார், இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புவார், முடிவு வர மாதங்கள் ஆகலாம். அங்கே என்ன மருந்துகள் இருந்தன, தனியாக இருந்தாரா, நலொக்சோன் கொடுத்தார்களா என்பதையெல்லாம் எழுதி வைக்கிறார்கள், 2017 முதல் அதற்குத் தனிப் படிவமே இருக்கிறது. அதை வைத்துத்தான் எந்தப் பகுதியில், எந்த வயதில், என்ன கலப்பால் சாவு கூடுகிறது என்று பார்த்து நலொக்சோனும் ஆட்களும் அனுப்புகிறார்கள். அரசாங்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் மரண அறிவித்தலில் வேறொரு கணக்கு இருக்கிறது. இருபத்துமூன்று வயதுப் பெடியனுக்கு "மாரடைப்பு", இருபத்தாறு வயதுக்கு "அகால மரணம்". பெற்ற வயிறு எரிகிற நேரத்தில் யாரையும் உண்மையைச் சொல் என்று கேட்க எனக்கு மனமில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் ஒரு செத்தவீட்டில் அந்தப் பிள்ளையின் நண்பர்கள் நாலைந்து பேர் பின்வரிசையில் நின்றார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது என்று வடிவாகத் தெரியும், அதே ஆளிடம்தான் அவர்களும் வாங்கியிருப்பார்கள். அவர்களிடம் ஒருவர்கூட ஒன்றும் கதைக்கவில்லை. நான் கார் தரிப்பிடத்தில் போய்ப் பிடித்து, என் பையில் இருந்த இரண்டு பெட்டியையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரொறன்ரோவில் 2019 ஒக்ரோபரில் இருந்து தெருப் பொருளைச் சோதித்து, உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று வெளியிடுகிற சேவை ஒன்று நடக்கிறது. பென்ரனில் என்று விற்றதற்குள் தூக்கக் குளிசை வகைகள், மிருகங்களுக்குக் கொடுக்கிற மயக்க மருந்துகளான சைலசீன், மெடெற்றோமிடின் எல்லாம் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் இதை விடாமல் வாசிக்கிறேன். இவற்றுக்கு நலொக்சோன் வேலை செய்யாது. அதாவது மருந்து அடித்த பிறகு மூச்சு வந்துவிடும், ஆனால் ஆள் கண் முழிக்காமல் கிடக்கலாம். மூச்சு ஒழுங்காக இருந்தால் மேலும் மேலும் அடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, பக்கத்தில் இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டு அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கவேண்டும்.

தம்பிக்குச் சிகிச்சை எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, உறவினர் யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, மருத்துவரின் கடிதம் இல்லாமலே நேராகப் போகக்கூடிய போதைச் சிகிச்சைக் கிளினிக் ஒன்றின் விலாசத்தை அவன் கையில் கொடுத்திருக்கிறா. ஒன்ராறியோவில் இப்படியான விரைவுச் சேவைக் கிளினிக்குகள் பல ஊர்களில் உண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்கள், சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று சொல்கிற சேவையான கொனெக்ஸ் ஒன்ராறியோவின் 1-866-531-2600 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அவனுக்குச் சுபொக்சோன் தொடங்கினார்கள். நாக்குக்கு அடியில் கரைகிற குளிசை, ஏக்கத்தையும் உடம்பு வேதனையையும் அடக்கிவைக்கும், போதை ஏற்றாது. முன்பு எடுத்தது உடம்பை விட்டு இறங்கி வேதனை தொடங்கிய பிறகுதான் முதல் குளிசையைப் போடவேண்டும், அவசரப்பட்டால் வேதனையைத் தானே கூட்டிவிடும். முதல் மாதங்களில் ஒவ்வொரு நாளும் பார்மசிக்குப் போய் எங்கள் கண்முன்னால் கரைத்துவிட்டுப் போகவேண்டும். அவன் என் கடைக்கு வரவில்லை. மூன்று பஸ் தரிப்பு தள்ளி இருக்கிற கடைக்குப் போனான். எனக்கு அது கவலையாக இருந்தாலும், போகிறானே என்று விட்டுவிட்டேன்.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்கு மாறியிருக்கிறான், எப்போ நிப்பாட்டப் போறான்?" சொந்தக்காரர் மட்டுமில்லை, அத்தானும் இதைக் கேட்டார், மாதா மாதம் கேட்டார். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன், "நீங்கள் சலரோகத்துக்கு எடுக்கிற குளிசையை எப்போ நிப்பாட்டப் போறியள் அத்தான்?" சுபொக்சோனோ, இதே சிகிச்சைக்குக் கொடுக்கிற மெதடோனோ எடுக்கிறவர்கள் இறக்கிற வாய்ப்பு, எடுக்காதவர்களைவிட மிகவும் குறைவு. வீட்டின் நெருக்குதலால் அவசரமாக நிறுத்தியவர்கள் திரும்பவும் தெருவுக்குப் போனதையும், அவர்களில் சிலர் வராமலே போனதையும் என் மேசையிலிருந்தே பார்த்திருக்கிறேன். அவன் இடையில் ஒருமுறை சறுக்கினான், 2021-இல். அன்று தானாகவே என்னை அழைத்து, "சின்னம்மா, நான் எடுத்திட்டன், கொஞ்ச நேரம் லைனில் நில்லுங்கோ" என்றான். இரண்டு மணி நேரம் கிரிக்கெட் கதைத்தோம். அடுத்த நாள் கிளினிக்குக்குத் திரும்பவும் போனான்.

ஒன்றை இங்கே சொல்லாமல் போனால் பிழை. இதை வாசித்துவிட்டு, புற்றுநோயில் கிடக்கிற அப்பாவின் மோர்பினை யாராவது நிறுத்திவிடாதீர்கள். நோவுக்கு அந்த மருந்து வேணும், அது அவருடைய உரிமை. நாட்பட்ட நோவுக்கு வருடக்கணக்கில் எடுத்துவருகிறவர்களுக்குத் திடீரென்று வெட்டிவிடுவதும் ஆபத்து, அப்படி வெட்டப்பட்டுத் தெருவில் வாங்கப் போனவர்களை எனக்குத் தெரியும். நான் சொல்வது பூட்டி வைக்கச் சொல்லி, எண்ணி வைக்கச் சொல்லி. குளிசைப் போத்தல் மூடியில் எத்தனை மிச்சம் என்று திகதியோடு எழுதுங்கள், ஒரு நிமிட வேலை. நோவுக்குத் தோலில் பென்ரனில் பட்டி ஒட்டுகிறவர்கள் கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து எங்களிடம் கொண்டுவரவேண்டும், பழையதைத் தந்தால்தான் புதியது என்று 2016 ஒக்ரோபர் முதல் ஒன்ராறியோவில் சட்டமே இருக்கிறது, ஏனென்றால் பாவித்த பட்டியிலும் ஒரு குழந்தையைக் கொல்லும் அளவுக்கு மருந்து மிச்சமிருக்கும். மிஞ்சிய எந்தக் குளிசையையும் மருந்துக்கடையில் காசில்லாமல் திருப்பிக் கொடுக்கலாம், ஏன் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். பல்லுப் பிடுங்கியபோது தந்த ரைலனோல் 3, அதற்குள் இருப்பது கோடீன், அதுவும் இதே குடும்பம்தான். பக்கத்து வீட்டு மாமிக்கு முழங்கால் நோகுதென்று எடுத்துக் கொடுக்கிற பழக்கத்தை விடுங்கள்.

அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் என் வேலையில் செய்த ஒரே மாற்றம் இதுதான். ஓபியோயிட் எழுதிய சீட்டு யார் கொண்டுவந்தாலும், எழுபது வயது ஐயா என்றாலும், நலொக்சோன் பெட்டியையும் சேர்த்தே பையில் போடுகிறேன். "எங்கட வீட்டில அப்படிப்பட்ட ஆட்கள் இல்லை பிள்ளை" என்று முகம் சுளிப்பார்கள். தீ அணைக்கிற கருவி வைத்திருக்கிற வீடெல்லாம் எரிந்த வீடா ஐயா என்று கேட்டுவிட்டு, பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீடுதானே என்பேன். அநேகமானோர் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒன்ராறியோவில் 2016 முதல் பங்குபற்றுகிற மருந்துக்கடைகளில் இது இலவசம், மருத்துவர் சீட்டு தேவையில்லை, இப்போது ஹெல்த் கார்ட் காட்டவும் தேவையில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள், பனடோல் இருக்கிற இடமே நல்லது. ஒளித்து வைத்தால் அந்த நேரத்தில் யாருக்கும் கிடைக்காது. குளிர்காலத்தில் காருக்குள் விடாதீர்கள், உறைந்துவிடும். காலாவதித் திகதியைப் பாருங்கள், முடிந்திருந்தால் மாற்றுங்கள், ஆனால் அவசரத்தில் முடிந்தது மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால் அதையே கொடுங்கள்.

அக்கா வீட்டுப் பெட்டி குசினியில், தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதுவரை இரண்டு தரம் காலாவதியாகி மாற்றியாயிற்று, திறக்கவேண்டி வரவில்லை. தம்பி இப்போது வீடுகளுக்குப் போய் ஹீற்றர் திருத்துகிற வேலை செய்கிறான், சுபொக்சோன் இன்னும் எடுக்கிறான். போன கிழமை முதல் தடவையாக என் கடைக்கே வந்து, வரிசையில் நின்று, இரண்டு பெட்டி கேட்டான். ஒன்று வீட்டுக்கு, மற்றது வேலை வானுக்கு. வானில் இரவில் விடாதே, உள்ளே கொண்டு வா என்று சொல்லிக் கொடுத்தேன். "ஓம் சின்னம்மா, தெரியும்" என்றான்.